வேண்டாத பெயர்

அத்தியாயம் 7

"ஊசி சரியாத்தானே இருக்கு. இன்னும் எத்தனை தடவை குத்துவீங்க?"

கதவோரம் நின்று கேட்டாள் நிங்சி. கண்ணாடி முன்னால் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்த சுலாஸ்மி திடுக்கிட்டுத் திரும்பினாள். அதுவரை எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்த உதடுகள், மகளைப் பார்த்ததும் சட்டென்று மூடிக்கொண்டன.

நிங்சி அதைக் கவனிக்காததுபோல் இருந்தாள். இந்த ஒரு மாதமாக அவள் கவனிக்காததுபோல் கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

"கோர்ட்ல என்னென்ன கேப்பாங்க, ந்துக்?"

ந்துக். சலாத்திகாவில் எல்லா அம்மாக்களும் மகளைக் கூப்பிடுகிற செல்லச்சொல்தான். ஆனால் மற்ற அம்மாக்கள் கோபம் வந்தால் முழுப்பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். இந்த அம்மாவுக்குக் கோபத்தில்கூட ந்துக்தான். முர்த்தினிங்சி என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அழைத்ததில்லை.

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா. இவ உங்க பொண்ணுதானா, பேர் மாத்தறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா, இந்தப் பேரை யார் வச்சாங்க, அவ்வளவுதான்."

கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே மெதுவாகச் சொல்லி, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

"என் பேரைக் கேப்பாங்களா?"

"கேக்காம? சாட்சிகிட்ட முதல்ல அதைத்தானே கேப்பாங்க."

ஊசியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

டெலாங்குவில் நடந்த ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது இதெல்லாம். பந்தியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் நிங்சியின் பெயரைக் கேட்டார். சொன்னாள். அவர் சோற்றுத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய அப்பா பக்கம் திரும்பினார். "கடைசியில அந்தப் பேரையே பொண்ணுக்கு வச்சுட்டியா, பர்ஜோனோ?" என்றார். அப்பாவின் முகம் வெளுத்தது. கிழவருக்குப் பதில் சொல்லாமல், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு அவர்கள் பஸ்ஸில் வரவில்லை. சொந்த மோட்டார் பைக்கில் வந்திருந்தார்கள்.

அந்தப் பேரையே என்றால் எந்தப் பேரை? யாருடைய பேரை?

கூடப் படித்தவர்கள் எல்லோரும் தேவி, புத்ரி, ஆயு என்று இருக்க, தனக்கு மட்டும் ஏன் ஐம்பது வயதுக்காரியின் பெயர் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் குறை உண்டு. இப்போது பதில் கிடைத்துவிட்டதுபோல் இருந்தது. அப்பாவுக்கு ஒரு பழைய முர்த்தினிங்சி இருந்திருக்கிறாள். அம்மாவுக்கு அது தெரியும். அதனால்தான் அந்தப் பெயர் அம்மாவின் வாயில் வருவதே இல்லை.

வீட்டில் கேட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. அப்பா டீவியின் சத்தத்தைக் கூட்டுவார். அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். கேட்டே தீரவேண்டிய ஓர் இடம், பொய் சொல்ல முடியாத ஓர் இடம் வேண்டும். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

பெயர் மாற்ற வேண்டும் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மனு கொடுக்க வேண்டும். மனுவுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிகள், தலைக்குமேல் பிடிக்கிற குர்ஆனின் கீழே நின்று சத்தியம் செய்ய வேண்டும்.

அம்மாவையும் அப்பாவையும்விட நல்ல சாட்சிகள் எங்கே கிடைப்பார்கள்?

வக்கீல் வைக்கவில்லை. நீதிமன்ற முன்கூடத்தில் இருக்கும் இலவச உதவி மேசைக்குப் போனாள். எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்து, கடையின் கணினியில் தானே மனுவை அடித்தாள். ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டாள். முர்த்தினிங்சி என்பதை அனிந்தியா என்று மாற்றித்தர வேண்டுகிறேன். காரணம், பழைய காலத்துப் பெயர். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது பொய்யும் இல்லை. ஆனால் நிஜக் காரணத்தை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

வீட்டில் சொன்னபோது அப்பா குதித்தார். "பேர்ல என்ன குறை? என்ன குறைன்னேன்!" மறுநாள் காலையில் அவரே வந்து, சரி, உன் இஷ்டம், ஆனா சாட்சிக்கு எங்களைக் கூப்பிடாதே என்றார். ஒரே ராத்திரியில் மனுஷன் ஏன் மாறினார்? அம்மாவோ மனுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வர்றேன் என்று மட்டும் சொன்னாள்.

நேற்று சாயங்காலம் பின்கட்டில் துணி எடுக்கப் போனபோது இருவரும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"நீ வராத. காய்ச்சல்னு சொல்லிடு. நான் பாத்துக்கறேன்." இது அப்பா.

"போதும் மாஸ். எனக்குக் களைச்சுப்போச்சு." இது அம்மா. அப்பாவை அவள் மாஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

பாவம் அம்மா, என்று நினைத்துக்கொண்டாள் நிங்சி. இன்னொருத்தியின் பெயரை இத்தனை வருஷம் வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தால் யாருக்குத்தான் களைக்காது?

*

வாசலில் பர்ஜோனோ பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோலோவுக்கும் சுராபாயாவுக்கும் இடையே இருபது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பைக் ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது.

"எனக்குத் தலை ஒரு மாதிரி சுத்துது. கியோனோ சித்தப்பா சும்மாதானே இருக்கான், அவனைக் கூட்டிட்டுப் போயேன்."

"சாட்சிகள்னு உங்க ரெண்டு பேர் அடையாள அட்டையைக் குடுத்தாச்சுப்பா."

"மாத்த முடியாதா?"

"பேரையே மாத்தலாம், சாட்சியை மாத்த முடியாதாம்," என்றாள் நிங்சி. அது பொய். சாட்சியை மாற்றலாம். நீதிமன்றத்தில் உண்மை வர, வீட்டில் கொஞ்சம் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் மகளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். "நீ எதுக்கு இதைச் செய்யறே?"

"பேர் பிடிக்கல."

"அதுக்கு மட்டும்தானா?"

"வேற எதுக்கு இருக்கும்னு நினைக்கறீங்க?"

அவர் துணியை உதறி இருக்கைக்குக் கீழே செருகினார்.

*

நீதிமன்ற வாசலில் கறுப்புப் பையுடன் ஒருவர் வழிமறித்தார்.

"எம்பாக், அக்கா, வக்கீல் இருக்காரா?"

"வேண்டாம்."

"தனியா போனா நீதிபதி குறுக்குக் கேள்வி கேப்பாங்க. முழிக்காதீங்க அப்புறம்."

"கேக்கட்டும். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

உள்ளே காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நல்ல பேச்சுக்காரர். பெயர் சுகிமான், வெறும் சுகிமான். "ஒத்தைப் பேரா இருந்தா உம்ராவுக்கு விசாவுல தகராறாம். மெக்கா போறதுக்காக எங்கப்பா பேரு, அவங்கப்பா பேரு எல்லாத்தையும் பின்னாடி மாட்டிக்கப்போறேன். நீ எத்தனை சேக்கறேம்மா?"

"நான் சேக்கல. இருக்கிறதை எடுக்கறேன்."

"அடடா! நமக்குப் பத்தலை, உனக்கு அதிகமா?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் சுலாஸ்மி, மகளைத் தாண்டிக் குனிந்து அவரிடம் கேட்டாள். "பேரை மாத்திட்டா, பழைய பேர்ல நடந்ததெல்லாம் செல்லாம போயிருமாங்க?"

"எதெல்லாம்?"

"நிக்காஹ்... அது இது."

பர்ஜோனோ பலமாக இருமினார். சுகிமானுக்குத் தெரியவில்லை. உதவி மேசையில் கேளுங்கம்மா என்று கை காட்டினார்.

நிங்சிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அப்படியானால் அம்மா யாருடைய நிக்காஹைப் பற்றிக் கேட்கிறாள்? அப்பா அந்த முர்த்தினிங்சியைக் கல்யாணமே செய்துகொண்டுவிட்டாரா? எங்கேயாவது வழியில், சுராபாயா பக்கம், இன்னொரு வீடு இருக்கிறதா? இருபது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு வீட்டுக்கு வராத நாட்களுக்கா பஞ்சம்?

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முர்த்தினிங்சி! பெயர் மாற்ற மனு!" என்று கதவருகே நின்ற ஊழியர் கூவினார்.

நிங்சி எழுந்தாள். பக்கத்தில் அம்மாவும் பாதி எழுந்து, பிறகு மறுபடி உட்கார்ந்தாள்.

*

சின்ன அறை. ஒரே நீதிபதி, கண்ணாடி போட்ட, சிரித்த முகமுள்ள பெண்மணி. மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"வக்கீல் இல்லையா? நீங்களே எழுதினதா? நல்லா எழுதியிருக்கீங்க. ஏன் மாத்தணும்?"

"கடையில என் சட்டையில பேரை மாட்டியிருப்பேங்க. வர்றவங்க அதைப் படிச்சுட்டு, 'இபு முர்த்தினிங்சி, அந்த அம்மா இல்லையா, பொண்ணுதான் இருக்கியா'ன்னு கேக்கறாங்க."

நீதிபதி சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த எழுத்தரும் சிரித்தார். "சாட்சிகள் அப்பா அம்மாவா? பரவாயில்லை, இந்த மாதிரி விஷயத்துக்குச் சொந்தக்காரங்க சொல்லலாம். முதல்ல அம்மா வரட்டும். அப்பா வெளியில இருக்கட்டும்."

சுலாஸ்மி வந்தாள். நடுவில் போட்டிருந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். பின்னால் ஓர் ஊழியர் குர்ஆனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தயாராக நின்றார். நிங்சி மனசுக்குள் எண்ணினாள். இன்னும் இரண்டு கேள்வி. மூன்றாவது கேள்வியில் வந்துவிடும். இந்தப் பெயரை யார் வைத்தது?

"உங்க பேர் சொல்லுங்க, இபு."

சுலாஸ்மி மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள்.

"இபு? உங்க பேர்."

"அட்டையில இருக்குதுங்களே."

"அட்டையில இருக்கிறது எனக்குத் தெரியுது. நீங்க வாயால சொல்லணும்."

சுலாஸ்மி பின்னால் திரும்பி அந்தக் குர்ஆனைப் பார்த்தாள். பிறகு நீதிபதியைப் பார்த்தாள். "சத்தியம் பண்றதுக்கு முன்னாடி சொல்றதும் சத்தியத்துல சேர்த்திதானுங்களா?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "உண்மையைச் சொல்றதுக்கு எதுக்கும்மா முன்னாடி பின்னாடி?"

"முர்த்தினிங்சி."

"மகள் பேரைக் கேக்கல. உங்க பேர்."

"என் பேரும் அதாங்க." குரல் நடுங்கவில்லை. அதுதான் நிங்சிக்கு ஆச்சரியமாக இருந்தது. "எனக்குத்தான் முதல்ல அந்தப் பேர். அப்புறம்தான் அவளுக்கு."

எழுத்தரின் விரல்கள் விசைப்பலகையின்மேல் நின்றன. நீதிபதி அடையாள அட்டையை எடுத்து, அதில் இருந்த படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் ஒன்றுதான்.

"அப்ப சுலாஸ்மி யாரு?"

"என் அக்காங்க."

நீதிபதி அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "இபு, இன்னும் நீங்க சத்தியம் பண்ணல. பண்ணிட்டா நீங்க சொல்றதை நான் எழுதியாகணும். வெளியில போய் உக்காந்து வீட்டுக்காரங்களோட பேசிட்டு வாங்க. நான் அடுத்த மனுவைப் பாக்கறேன்." நிங்சியின் பக்கம் திரும்பினார். "நீங்களும் யோசிங்க. வாபஸ் வாங்கறதுன்னாலும் வாங்கலாம், உங்க மனுதானே."

*

பைக்குகள் நிறுத்தியிருந்த மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருந்தது. அம்மாதான் முதலில் போய் உட்கார்ந்தாள். அப்பா உட்காரவில்லை.

"சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"யாராவது எனக்குச் சொல்றீங்களா?" நிங்சியின் குரல் கிறீச்சிட்டது.

"உங்கப்பாவுக்குப் பேசினது எங்க அக்காவை," என்றாள் அம்மா. கதை சொல்வதுபோல் இல்லை. கடையில் இருக்கும் சாமானைச் சொல்வதுபோல் சொன்னாள். "நிக்காஹ் ஆபீஸ்ல பேர் எழுதியாச்சு. வாசல்ல கூடாரம் போட்டாச்சு, ஆடு அறுத்தாச்சு. விடியக்காலையில பாத்தா அக்கா படுக்கையில இல்லை. நான் கொல்லையில அரிசி கழுவிட்டு இருந்தேன், எனக்குப் பதினேழு வயசு. எங்கப்பா வந்து என்னை ஒரு பார்வை பாத்தாரு. கையில இருந்த அரிசித்தண்ணி காயறதுக்குள்ள முகத்துல பவுடரைப் பூசி, அக்காவோட கல்யாணச் சட்டையை, கெபாயாவை மாட்டி விட்டுட்டாங்க."

"உங்களைக் கேக்கவே இல்லையா?"

"கேக்கற நேரமா அது? பக்கத்து அறையில நிக்காஹ் நடந்துச்சு. சுலாஸ்மியை உனக்குக் கட்டிக் குடுத்தேன்னாரு எங்கப்பா. சுலாஸ்மியை ஏத்துக்கிட்டேன்னாரு உங்கப்பா. நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுட்டு இருந்தேன்."

நிங்சி அப்பாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பக்கத்துல கொண்டுவந்து உக்கார வச்சாங்களே, அப்ப." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுந்து போயிருக்கலாம். போகல."

"போகல," என்றாள் அம்மா. "அதுக்கப்புறம் எங்க வீட்டு ஆளுங்க வெக்கத்துல லாம்புங் பக்கம் நிலம் குடுக்கறாங்கன்னு குடிபோயிட்டாங்க. எனக்கு அட்டை எடுத்தப்ப நிக்காஹ் புத்தகத்துல இருக்கிற பேரையே எழுதினாங்க. ஊர்ல எல்லாரும் இபு பர்ஜோனோன்னுதான் கூப்பிட்டாங்க. வசதியாப் போச்சு. நீ பொறந்ததும் நர்ஸ் வந்து குழந்தைக்குப் பேர் என்னன்னு கேட்டா. என் பேர் சும்மா கெடந்துச்சு, ந்துக். யாரும் உபயோகிக்கல. அதான் குடுத்துட்டேன்."

நிங்சி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்புறம் ஏம்மா ஒரு தடவைகூட என்னை அப்படிக் கூப்பிடல?"

"வாய் வரைக்கும் வரும். ஆனா என்னை நானே கூப்பிட்டுக்கற மாதிரி இருக்கும். கூச்சமா இருக்கும்."

அப்பாவின் பழைய காதலி யாரோ என்று நினைத்து, அவளைப் பிடிக்கத்தானே இத்தனை ஸ்டாம்பும் கையெழுத்தும்? நிங்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போறே?"

"வாபஸ் வாங்கப்போறேன். எனக்கு அனிந்தியாவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

"உக்காரு." அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது. "எதுக்கு வாபஸ்? உனக்குப் பிடிக்கலன்னா பிடிக்கல. அதுல தப்பில்ல. வேண்டாம்னா எனக்குத் திருப்பிக் குடு."

"அம்மா..."

"வக்கீல் இல்லாம எழுதத்தான் உனக்குத் தெரியுதே. இதே மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. நான் கையெழுத்துப் போடறேன். அந்தக் கையெழுத்து எப்படிப் போடறதுன்னு இன்னும் மறக்கல."

காலையில் கண்ணாடி முன்னால் அம்மாவின் உதடுகள் முணுமுணுத்தது அந்தப் பெயரைத்தான் என்று நிங்சிக்கு அப்போது புரிந்தது.

"பைத்தியமா உனக்கு?" பர்ஜோனோ அன்றைக்கு முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். மரத்தடியில் பைக் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரல் இறங்கியது. "நீ சுலாஸ்மி இல்லன்னு எழுதிக் குடுத்தா, நான் கட்டினது யாருன்னு கேப்பாங்க. நிக்காஹே இல்லன்னுவாங்க. இந்த வயசுல தேவையா?"

"கேக்கட்டும் மாஸ். நானும் இத்தனை வருஷமா அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். நீங்க கட்டினது யாரை?"

அவர் கீழே கிடந்த காய்ந்த இலை ஒன்றைச் செருப்பு நுனியால் தள்ளிக்கொண்டிருந்தார்.

நிங்சிக்குக் கேட்கவேண்டியது இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. ஒரு பெயர் அம்மாவுக்குத் திரும்பி வருகிறதென்றால், அம்மா கழற்றி வைக்கிற பெயருக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கவேண்டுமே.

"பெரியம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்?" என்றார் அப்பா உடனே. "அன்னைக்குப் போனவ போனவதான். அதுக்கப்புறம் யாரும் அவளைப் பாக்கல."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டதுபோல் இருந்தது. நிங்சி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்திரம் இல்லாத பார்வை. நாள்கணக்கில் வாசலில் ஒருவருக்காகக் காத்திருந்து, அவர் தெருமுனையில் தெரிந்ததும் பார்க்கிற பார்வை.

"மாஸ்," என்றாள் மெதுவாக. "இதையே உள்ள வந்து சொல்லுங்களேன்."

"எதை?"

"அதுக்கப்புறம் அவளை யாரும் பாக்கலன்னு. குர்ஆன் கீழ நின்னு, இந்தப் பொண்ணு கேக்கற மாதிரி சொல்லுங்க. நான் நம்பிக்கறேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

பர்ஜோனோ வாயைத் திறந்தார்.

நீதிமன்றப் படிக்கட்டில் ஊழியர் வந்து நின்று கையை நெற்றிக்குமேல் வைத்துப் பார்த்தார். "இரண்டாவது சாட்சி! பாக் பர்ஜோனோ! இபு இன்னும் பேசிட்டு இருந்தா இருக்கட்டும், உங்களை முதல்ல விசாரிச்சுடறேங்கறாங்க. வாங்க!"

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பைக் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். திரும்பி இரண்டு அடி வைத்தார், பைக் நின்ற பக்கமாக.

"அப்பா," என்றாள் நிங்சி. "கதவு இந்தப் பக்கம் இருக்கு."